கிரகணத்துக்கு ஒரு கணக்கு, கலியாணத்துக்கு ஒரு கணக்கா?

(வேங்கிக்காலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சூரியன், சந்திரன், கிரகங்கள் ஆகியவை எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் வித்தையைப் பற்றியும், அவ்வித்தைக்காக நம் நாட்டிலேயே பாடுபட்ட ஒரு மனிதரைப் பற்றியும் இன்று பேசவேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ராத்திரி வேளைகளில் இரவல் புஸ்தகங்களைப் படித்தும், விளங்காததை விளங்கியவர்களிடம் கேட்டும் எனக்கு எட்டிய மட்டில் தெரிந்து கொண்டவன். ஆதலால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்பிவிட வேண்டாம். ஒரு கோலும் ஒரு கயிறும் இருந்தால் நீங்களே பரீட்சித்துப் பார்த்துக் கொள்ளக்கூடிய காரியம் ஒன்றைக் கடைசியில் சொல்லுகிறேன். அதைச் செய்து பார்த்த பிறகு நம்புங்கள்.

வேங்கிக்கால்காரர்களுக்குச் சந்திரனைப்பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதந்தோறும் பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற ஜனங்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். வேலூர் ரோட்டில் வண்டி நகருவதில்லை. பௌர்ணமி இத்தனை மணிக்கு ஆரம்பித்து இத்தனை மணிக்கு முடிகிறது என்று பத்திரிகையில் போடுகிறார்கள். டீக்கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் கூடுதலாகப் பால் சொல்லி வைக்கிறார். பக்தனும் அதையே பார்க்கிறான், வியாபாரியும் அதையே பார்க்கிறான். ஆனால் அந்த மணியைக் கணக்கிட்டவர் யார், எப்படிக் கணக்கிட்டார், அது சரிதானா என்று ஆகாயத்தைப் பார்த்துச் சோதித்தவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்க நேர்ந்தது எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு காரியத்தால்.

என் தமக்கையின் நட்சத்திரம்

என் தமக்கைக்குக் கலியாணம் நிச்சயமாகி, தாம்பூலம் மாற்றி, பத்திரிகை அச்சுக்கும் கொடுத்தாகிவிட்டது. என் தமக்கை பிறந்தது விடியற்காலம் 3 மணிக்கு. எங்கள் வீட்டிலிருந்த பஞ்சாங்கப்படி அவள் கேட்டை நட்சத்திரம். கேட்டைப் பெண் புருஷனுடைய தமையனுக்கு ஆகாது என்பார்கள். மாப்பிள்ளைக்குத் தமையன் இல்லாததால் அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. பத்திரிகை அச்சாகும் சமயத்தில் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஜோசியரிடம் மறுபடியும் ஜாதகத்தைக் காட்டினார்கள். அவர் வேறு பஞ்சாங்கத்தை வைத்துக் கணித்து, அன்று ராத்திரி 1 மணிக்கே கேட்டை முடிந்து விட்டது, ஆகையால் பெண் மூலம் என்று சொல்லிவிட்டார். மூலமென்றால் மாமனாருக்கு ஆகாதாம். மாமனார் உயிரோடு திடகாத்திரமாக எதிரே உட்கார்ந்திருந்தார். கலியாணம் நின்று போயிற்று.

என் தகப்பனார் இரண்டு பஞ்சாங்கங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். சிலர் கேட்டை என்றார்கள், சிலர் மூலம் என்றார்கள். "நின்று போன கலியாணத்துப் பெண்" என்ற பெயர் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருந்தது. என் தமக்கைக்குப் பிறகு கலியாணம் ஆக 9 வருஷமாயிற்று. அப்பொழுது எனக்கு வயது பதினைந்து. "அக்காள் பிறந்த ராத்திரி ஆகாயத்தில் சந்திரன் ஒன்றுதானே இருந்தது? அது எந்த இடத்தில் இருந்ததென்று யாராவது பார்த்தவர்கள் உண்டா?" என்று நான் கேட்டேன். "பெரியவர்கள் பேசும்போது வாயை மூடு" என்பதுதான் பதில். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டு பஞ்சாங்கம்

தமிழ்நாட்டில் பஞ்சாங்கம் இரண்டு வகை. ஒன்று வாக்கியம், மற்றொன்று திருக்கணிதம். வாக்கியம் என்பது மனப்பாடக் கணக்கு. சந்திரன் சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் போகிறது. இந்த வேகமும் மெதுவும் 9 தடவை சுற்றி வருவதற்குச் சுமார் 248 நாள் ஆகிறது. அந்த 248 நாளுக்கும் நாளுக்கொன்றாக 248 சிறு வாக்கியங்களை அமைத்து, எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்து, அதைப் பாராமல் ஒப்புவித்தே சந்திரன் இருக்குமிடத்தைக் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவார்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காகிதமும் அச்சும் இல்லாத காலத்தில் இவ்வளவு செய்தது பெரிய காரியந்தான்.

1825ஆம் வருஷத்தில் இந்தியர்களின் காலக் கணக்கைப்பற்றி 'கால சங்கலித' என்னும் பெரிய புஸ்தகத்தை எழுதிய வாரன் என்ற துரை, புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் ஆரம்பிக்கும் நேரத்தில் 4 நிமிஷந்தான் பிசகு. நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிசகின. சோழியை வைத்து இவ்வளவு நெருங்கினாரே என்று நாம் ஆச்சரியப்படத்தான் வேண்டும். ஆனால் வாரன் இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். அதாவது, அந்தக் கணக்கு ஏன் அப்படிப் போடப்படுகிறது என்ற காரணம் அந்த மனிதருக்கு ஒரு சிறிதும் தெரியாது என்பதாகும். கணக்கு கைக்கு வந்தது, காரணம் கைவிட்டுப் போயிற்று. காரணம் தெரியாதவன் பிசகு வந்தால் எப்படித் திருத்துவான்?

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. எடைக்கல் எவ்வளவு நல்ல கல்லாயிருந்தாலும் காலா காலத்தில் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வைத்துக்கொண்டு வரவேண்டும். கை பட்டுப் பட்டுக் கல் தேயும். "இது என் பாட்டனார் வைத்த கல், இதைச் சோதிக்கக் கூடாது" என்று ஒரு வியாபாரி சொன்னால் அவனிடம் நெல் போடுவீர்களா? வாக்கியக் கணக்கு ஏற்பட்டுச் சுமார் 700 வருஷமாகிறது. ஒரு வருஷத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசகு 700 வருஷத்தில் மலையாகிவிடாதா?

திருக்கணிதம் என்பதில் உள்ள 'திரு'வைக் கண்டு அது ஏதோ லட்சுமி கடாட்சம் என்று எண்ண வேண்டாம். அது 'த்ருக்' என்னும் வடசொல். கண் அல்லது பார்வை என்பது அதற்குப் பொருள். கண்ணால் பார்த்ததோடு ஒத்துவரும் கணக்கு என்று அர்த்தம். கேரளத்தில் பரமேசுவரர் என்பவர் பல வருஷம் கிரகணங்களைக் கவனித்து, பழைய கணக்கு ஆகாயத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்டு, 1431இல் 'திருக்கணிதம்' என்ற பெயரிலேயே திருத்திய முறையை எழுதினார். ஆகவே, பெரியவர்கள் சொன்னதைத் திருத்தக் கூடாது என்பது அந்தப் பெரியவர்களிடமே இல்லாத வழக்கம்.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி

இனி நான் சொல்ல வந்த மனிதரைப்பற்றிச் சொல்லுகிறேன். அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பெயரைக் கேட்டவுடன், "இவன் எதற்காக ஓர் ஆச்சாரியாரைப் புகழ வந்தான்?" என்று சில தோழர்கள் முகத்தைச் சுளிக்கலாம். யார் சொன்னார் என்று பார்க்காமல் சொன்னது என்ன என்று பார்ப்பதுதான் பகுத்தறிவு. அவர் நம்மைப்போல மதத்தையும் சாஸ்திரத்தையும் வேண்டாமென்றவரல்ல. பஞ்சாங்கக் கணிதம் வழிவழியாக வந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்படிப்பட்டவர் தம்முடைய கூட்டத்தாரைப் பார்த்தே, "உங்கள் கணக்கு ஆகாயத்தோடு ஒத்துவரவில்லை, திருத்துங்கள்" என்று சொன்னார் என்பதற்காகத்தான் அவரைப்பற்றிப் பேசுகிறேன்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் ஒரு வானிலையம் கட்டி முடித்தார்கள். தமிழ் உள்படப் பல பாஷைகளில் எழுத்து வெட்டப்பட்ட அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த வானிலையத்தில் சிறு வயதிலேயே வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, முதல் உதவியாளராக இருந்தவர் ரகுநாதாச்சாரி. 1861இல் அதற்குத் தலைவராக வந்தவர் நார்மன் போக்சன் என்ற வெள்ளைக்காரர். இந்தப் போக்சன் வந்த வருஷமே செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் ஒரு சிறு கிரகத்தைச் சென்னையிலிருந்து கண்டுபிடித்து, அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார்.

இவர்களுடைய வேலை என்ன தெரியுமா? வடக்குத் தெற்காக மட்டும் அசையும் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை நிறுத்தியிருப்பார்கள். அதன் நடுவில் சிலந்தி நூல் போன்ற கம்பி. நட்சத்திரம் அந்தக் கம்பியைத் தாண்டும் கணத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அடுத்த நட்சத்திரம், அதற்கடுத்த நட்சத்திரம் என்று ராத்திரி முழுதும், வருஷக்கணக்கில் இதே வேலை. 1862 முதல் 1887 வரை இப்படிக் குறித்ததில் 5,303 நட்சத்திரங்களின் இருப்பிடம் அட்டவணையாக வெளிவந்தது. ரகுநாதாச்சாரி உயிரோடிருந்த மட்டும் அதில் பெரும்பங்கு உழைத்தார். 1867இல் தென்திசை வானத்தில் ஒரு நட்சத்திரம் சுமார் 9 மாதத்துக்கு ஒரு முறை மங்கிப் பிறகு பிரகாசிப்பதை அவர் கண்டுபிடித்தார். 1868 ஆகஸ்டு 18இல் பூரண சூரிய கிரகணம் வந்தபோது வனபர்த்தியில் ஒரு கோஷ்டிக்குத் தலைமை வகித்தார். 1871 டிசம்பர் 12 கிரகணத்தை நம் கோயமுத்தூர்ப் பக்கத்து அவினாசியிலிருந்து கவனித்தார். கிரகணத்தன்று நம் ஜனங்கள் சமைத்த சோற்றைக் கொட்டிவிட்டுக் கதவை மூடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் கடிகாரமும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நின்றார்.

1872இல் லண்டனிலுள்ள ராயல் வானசாஸ்திர சங்கம் அவரை அங்கத்தினராக எடுத்துக்கொண்டது. இங்கே இன்னொரு சேதியும் சொல்ல வேண்டும். போக்சனுடைய மகள் ஐசிஸ் என்ற அம்மையாரும் 1873 முதல் அதே வானிலையத்தில் கணக்குப் போட்டு வந்தார். 1886இல் அவர் பெயரை அதே சங்கத்துக்குச் சிபாரிசு செய்தபோது, பெண் என்ற ஒரே காரணத்தால் அது நடக்கவில்லை. 1920இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே விஞ்ஞானிகளிடத்திலும் குருட்டு வழக்கம் இருந்தது. ஆனால் தவறென்று தெரிந்தபின் திருத்திக்கொண்டார்கள்.

சந்திரன் ஏன் பிசகுகிறது?

நிற்க. பழைய கணக்கு ஏன் பிசகுகிறது என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லுகிறேன். செக்கு மாடு ஒரே நுகத்தில் கட்டப்பட்டுச் சுற்றினால் அது சுற்றும் பாதை சுலபமாகத் தெரிந்துவிடும். அதே மாட்டின் கழுத்தில் இன்னொரு கயிற்றைக் கட்டித் தூரத்திலிருந்து ஒருவன் இழுத்துக்கொண்டே இருந்தால்? சில இடத்தில் வேகம் கூடும், சில இடத்தில் குறையும், பாதையும் கோணும். சந்திரனைப் பூமி இழுக்கிறது. சூரியனும் இழுக்கிறது. இப்படி ஒவ்வொரு பொருளும் மற்றதை இழுக்கிறது என்பதையும், அந்த இழுப்புக்குக் கணக்கு என்ன என்பதையும் 1687இல் இங்கிலாந்தில் நியூட்டன் எழுதி வைத்தார். சூரியனுடைய இழுப்பால் சந்திரனுக்கு ஏற்படும் ஏற்றத்தாழ்வுகள் பல. பழைய வாக்கியத்தில் சந்திரனுக்குரிய திருத்தம் முக்கியமாக ஒன்றுதான். ஆதலால் பௌர்ணமி அமாவாசையை ஒட்டி அது ஓரளவு சரியாக வரும். நடுவில் வரும் அஷ்டமி சமயத்தில் பல நாழிகை பிசகும். என் தமக்கை பிறந்தது தேய்பிறை அஷ்டமியை ஒட்டி. இப்பொழுது விளங்குகிறதா, கலியாணம் எங்கே நின்றதென்று?

இதைக் காண வெள்ளைக்காரனாய்ப் பிறந்திருக்க வேண்டியதுமில்லை. ஒரிசாவில் கண்டபாரா என்னும் ஊரில் சாமந்த சந்திரசேகரர் என்று ஒருவர் இருந்தார். 1835இல் பிறந்து 1904இல் இறந்தவர். மூங்கிலாலும் மரத்தாலும் தாமே செய்த கருவிகளைக் கொண்டு, வெறுங் கண்ணால் பார்த்தே, சந்திரனுக்கு மேற்கொண்டு மூன்று திருத்தம் வேண்டும் என்று கண்டு எழுதினார். அது 1899இல் 'சித்தாந்த தர்ப்பணம்' என்ற பெயரில் அச்சாயிற்று. பூரி ஜகந்நாதர் கோவிலிலேயே அவருடைய கணக்கை ஒப்புக்கொண்டார்கள்.

இழுப்பின் கணக்கு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஓர் உதாரணம். யுரேனஸ் என்ற கிரகம் கணக்குப்படி போகாமல் சிறிது விலகிச் சென்றது. பிரான்சில் லெவெரியே என்பவர், கண்ணுக்குத் தெரியாத வேறொரு கிரகம் அதை இழுக்கிறது, அது இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பெர்லின் நகரத்துக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23ஆம் தேதி ராத்திரி அவர்கள் பார்த்தார்கள். அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது! அவர் கிரகத்துக்கு அர்ச்சனை செய்யவில்லை. எள் விளக்கு ஏற்றவில்லை. காகிதமும் பேனாவுந்தான்.

வெள்ளி கடந்த நாள்

1874 டிசம்பர் 9ஆம் தேதி சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் வெள்ளி கிரகம் குறுக்கே போயிற்று. சூரிய வட்டத்தில் ஒரு சிறு கறுப்புப் பொட்டு நகர்வதுபோல் அது தெரியும். 2012 ஜூன் 6ஆம் தேதி காலையில் உங்களில் சிலர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கலாம். அடுத்தது 2117இல்தான். அதை உலகத்தின் பல இடங்களிலிருந்தும் பார்த்து நேரத்தை ஒப்பிட்டால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று கணக்கிட்டு விடலாம். அதற்காக உலகமெங்கும் வானசாஸ்திரிகள் கப்பலேறினார்கள்.

ரகுநாதாச்சாரி என்ன செய்தார்? நம் ஜனங்களுக்கு இதை விளக்க ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதித் துரைமார்களிடம் பெயர் வாங்கியதோடு நிற்காமல், நம் நாட்டுப் பாஷைகள் பலவற்றிலும் அது வெளிவரச் செய்தார். இருவர் சம்பாஷிப்பதுபோல் அதை எழுதினார். வெள்ளி கடப்பது எப்படி என்று விளக்குவதோடு, கண்ணால் கண்டதைக் கொண்டு பழைய கணிதத்தைத் திருத்த வேண்டும் என்பதையும் வற்புறுத்தினார். அவ்வாறு திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் தாமே வெளியிட்டு வந்தார். 1880 பிப்ரவரியில் இறந்து போனார்.

இதுவே அவருடைய சரித்திரம். ஒரு தேசத்தைப் பிடித்தவரல்ல. ஒரு மடத்தை ஸ்தாபித்தவரல்ல. கோவிலும் சிலையும் அவருக்கில்லை. நாற்பது வருஷத்துக்கு ஒட்டிய காலம் ஆகாயத்தைப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். எழுதியதற்கு மாறாயிருந்த ஏட்டைத் திருத்தச் சொன்னார்.

திருத்தினார்களா?

அவர் இறந்து 140 வருஷத்துக்கு மேலாகிறது. திருத்தினார்களா? கொஞ்சம் திருத்தினார்கள். எதைத் திருத்தினார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தையே கட்டிப் பிடித்துக் கொண்டிருப்பவர்களிலும் பலர், கிரகண நேரத்தை மாத்திரம் திருக்கணிதப்படி போடுகிறார்கள்! ஏன்? கிரகணம் பாமரனுக்கும் தெரியும். 6 மணிக்குக் கிரகணம் என்று போட்டு 5 மணிக்கே சந்திரன் கறுத்துவிட்டால், ஆடு மேய்க்கிற பையன்கூடச் சிரித்துவிடுவான். ஆனால் திதியும் நட்சத்திரமும் முடிகிற நேரத்தையும், சனி ராசி மாறுகிற நேரத்தையும் யார் கண்ணால் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே அங்கே பழைய கணக்கு. நாலு பேர் பார்க்கிற இடத்தில் முத்திரை போட்ட கல். நாம் பார்க்காத இடத்தில் தேய்ந்த கல். இதை மண்டியில் செய்தால் மோசடி என்போம். பஞ்சாங்கத்தில் செய்தால் சம்பிரதாயமா?

சனிப்பெயர்ச்சியை எடுத்துக் கொள்ளுங்கள். சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் டிசம்பர் 20இல்தான் விழா நடந்தது, லட்சக்கணக்கான ஜனங்கள் போய் முழுகினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 11 மாதம்! ஒரே சனி. ஒரே ஆகாயம். அந்த 11 மாத காலம் ஏழரைச் சனி யாரைப் பிடித்திருந்தது? விட்டுப் போனதாகத் திருக்கணித ஜோசியர் சொன்ன ஆளையா, விடவில்லை என்று வாக்கிய ஜோசியர் சொன்ன ஆளையா?

தோழர்களே! இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டுகிறேன். வாக்கியக்காரர் சொன்ன பலனும் "பலித்தது" என்கிறார்கள். திருக்கணிதக்காரர் சொன்ன பலனும் "பலித்தது" என்கிறார்கள். சனி இங்கே இருந்தாலும் பலிக்கிறது, அங்கே இருந்தாலும் பலிக்கிறது என்றால், பலனுக்கும் சனி இருக்கிற இடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுதானே அர்த்தம்? மருந்துக் கடைக்காரர் சீட்டை மாற்றி வாசித்து வேறு மருந்தைக் கொடுத்தும் ஒரே மாதிரி குணமாயிற்றென்றால், வியாதி மருந்தால் குணமாகவில்லை என்று அறிகிறோம் அல்லவா?

இங்கேதான் ரகுநாதாச்சாரி நின்ற இடத்துக்கு மேல் நாம் ஓரடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. கிரகம் எங்கே இருக்கிறதென்று அவர் திருத்தினார். அது நல்ல காரியம். ஆனால் சரியான இடத்தில் இருக்கிற சனி மட்டும் உன் வீட்டுப் பெண்ணின் கலியாணத்தைத் தடுக்கும் என்பதற்கு என்ன ருஜு? கணக்குச் சரியாகிவிட்டால் ஜோசியமும் சரியாகிவிடாது. தராசு சரியாக இருந்தால் பதரும் நெல்லாகிவிடுமா?

செவ்வாய்க்கிழமை போன வண்டி

கிரகங்களின் இருப்பிடக் கணக்கு உண்மையில் எதற்குப் பயன்படும் என்று கேட்பீர்கள். செவ்வாய் தோஷம் என்று சொல்லி எத்தனை பெண்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம்! நம் இந்திய விஞ்ஞானிகள் அந்தச் செவ்வாய்க்கே ஒரு கலத்தை அனுப்பினார்கள். 2013 நவம்பர் 5ஆம் தேதி புறப்பட்டது. அன்று என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை! நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஊசி நூல்கூட வாங்க யோசிக்கிற கிழமை. 2014 செப்டம்பர் 24ஆம் தேதி அது செவ்வாயை எட்டிற்று. அதன் எஞ்சின் காலை 7 மணி 17 நிமிஷத்துக்கு மூட்டப்பட்டுச் சுமார் 24 நிமிஷம் எரிந்தது. அன்று புதன்கிழமை. புதன்கிழமை 7.30க்கு எமகண்டம் பிறந்துவிடுகிறது. எமகண்டம் வந்துவிட்டதென்று எஞ்சினை நடுவில் நிறுத்தியிருந்தால் கலம் செவ்வாயைத் தாண்டித் தன் வழியே போயிருக்கும். முதல் முயற்சியிலேயே அது செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். அவர்கள் பார்த்தது முகூர்த்தமல்ல. நியூட்டன் எழுதிய இழுப்பின் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? இதோ வடக்கே தெரிகிறதே, ஜவ்வாது மலை. அதில் ஆலங்காயத்துக்கு அப்பால் காவலூரில் ஒரு வானிலையம் இருக்கிறது. இரண்டேகால் மீட்டருக்கு மேல் அகலமுள்ள பெரிய கண்ணாடி அங்கே 1986 முதல் வேலை செய்கிறது. 1988 பிப்ரவரி 17இல் அங்கிருந்து ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். அது போகும் பாதையைக் கணக்கிட்டு, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். மலை சுற்ற வருகிற நம் ஜனங்களில் நூற்றுக்கு ஒருவராவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த மலைக்கும் ஒரு தடவை போய் வரக் கூடாதா?

கோலும் கயிறும்

முதலில் ஒரு பரீட்சை சொல்லுகிறேன் என்றேன். வீட்டு வாசலில் 10 அடிக் கோல் ஒன்றைச் செங்குத்தாக நடுங்கள். டிசம்பர் மாதம் நடுவிலிருந்து தினம் பகல் 12 மணிக்கும் 12.30 மணிக்கும் நடுவில் நிழல் மிகவும் குட்டையாக இருக்கிற கணத்தில் அதைக் கயிற்றால் அளந்து வாருங்கள். டிசம்பர் 21, 22 வாக்கில் அந்த நடுப்பகல் நிழல் சுமார் 7 அடி 2 அங்குலம் இருக்கும். வருஷத்தில் அதுதான் அதிகம். அதற்குமேல் குறைய ஆரம்பிக்கும். பொங்கலன்று அளந்தால் சுமார் அரை அடி குறைந்திருக்கும். இதன் பொருள் என்ன? சூரியன் வடக்கே திரும்புவது, அதாவது உத்தராயணம், தை முதல் தேதியன்று அல்ல. அதற்கு மூன்று வாரத்துக்கு மேல் முன்னதாகவே திரும்பிவிடுகிறது! சுமார் 1,700 வருஷத்துக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. பம்பரம் தலையை ஆட்டுவதுபோல் பூமியின் அச்சும் 26,000 வருஷத்துக்கு ஒரு சுற்று மெல்ல ஆடுவதால் இப்படி விலகிப் போயிற்று. 1952இல் அரசாங்கம் மேக்நாத் சாஹா என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு பஞ்சாங்கச் சீர்திருத்தக் கமிட்டி போட்டு, 1957 முதல் தேசிய நாட்காட்டி ஒன்றையும் ஏற்படுத்தியிருக்கிறது. கோவில் பஞ்சாங்கம் இன்னும் பழைய தேதியையே உத்தராயணம் என்கிறது. பொங்கல் வைக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உழைத்தவன் அறுத்த நெல்லைப் பொங்கித் தின்ன எந்த நாளும் நல்ல நாள்தான். சூரியன் அன்று திரும்புகிறதென்று சொல்லாதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன். உங்கள் வாசலில் நிற்கிற கோலே அதைப் பொய்யென்று சொல்லுகிறது.

என் தமக்கை இப்பொழுது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். சென்ற வருஷம் அவளுடைய பேத்தி பிறந்தபோது ஜாதகம் எழுதுவதற்காக நேரம் கேட்டார்கள். "குழந்தையின் எடையைக் கேள், ஊசி போட்டாயிற்றா என்று கேள். நேரம் எதற்கு?" என்று அவள் சொல்லிவிட்டாள். எந்தப் புஸ்தகமும் படிக்காதவள் அவள். 9 வருஷம் பட்டவள்.

ஆகவே தோழர்களே, யார் சொன்னாலும், எந்த ஏட்டில் எழுதியிருந்தாலும், ஆகாயத்தைப் பார்த்துச் சோதியுங்கள். ஒத்துவரவில்லையானால் ஏட்டைத் திருத்துங்கள். சோதிக்கவே முடியாதென்று எவனாவது சொல்லுகிற பலனுக்காக ஒரு பெண்ணின் வாழ்வை நிறுத்தி வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.